ஒட்டுசுட்டான் காட்டோரம்: களப்பணி நாட்குறிப்பு

ஓகஸ்ட் 2, 2024, வெள்ளி

யாழ்ப்பாணத்திலிருந்து காலையில் வெளிக்கிட்ட பஸ்ஸில் மடியில் வினாக்கொத்துக் கட்டு, காலடியில் கமராப் பெட்டி. முகமாலை தாண்டும்போது ஏ9 வீதியோரம் இன்னும் சிவப்பு மண்டையோட்டுப் பலகைகள். அங்கே குனிந்திருந்து மிதிவெடி கிளப்புகிறவர்களில் நிறையப் பேர் பெண்கள். அவர்கள் துப்புரவாக்கித் தந்த காட்டுக்குள்தான் என்னைப் போன்ற மாணவர்கள் இன்று நடக்கிறோம்.

கிளிநொச்சி நெருங்கினால் எனக்கு அம்பாள்குளம் நினைவு வந்துவிடும். 2018 ஜூனில் அங்கே ஊருக்குள் வந்து சிலரைக் காயப்படுத்திய சிறுத்தையை அடித்துக் கொன்றார்கள். கைத்தொலைபேசியில் எடுத்த காட்சி நாடு முழுக்கப் பரவியது. நான் அப்போது கம்பஸில் முதலாம் வருடம். அடித்தவர்களைத் திட்டாத ஆளில்லை. அந்தச் சனத்திடம் போய், சிறுத்தை எந்தப் பக்கத்தால் வந்தது, முதலில் யாருக்கு அறிவித்தீர்கள், யாராவது வந்தார்களா என்று இருந்து கேட்டவர்கள் குறைவு. விலங்கியலோடு நிற்காமல் வனவிலங்குப் பாதுகாப்பைப் படிக்க வந்ததற்கு அந்தக் காட்சிதான் காரணம். இப்போது என் ஆய்வு யானைகளும் வயல்களும்.

மாங்குளம் சந்தியில் இறங்கி முல்லைத்தீவுப் பக்கம் போகும் பஸ்ஸுக்கு நின்றேன். அது வழியில் பழுதாகி நின்றுவிட்டதாம். அடுத்தது எப்போது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மத்தியான வெயில், சோளகக் காற்று, வாயைத் திறந்தால் புழுதி. தேநீர்க்கடை அக்கா கூப்பிட்டு ஒரு கதிரையை நிழலுக்குள் இழுத்துப் போட்டார். பிளேன் ரீ 50 ரூபாய், உழுந்து வடை 70. தண்ணீருக்கும் போன் சார்ஜ் போட்டதற்கும் காசு வாங்க மறுத்துவிட்டார்.

“தனியாவோ வந்தனீங்கள் பிள்ளை?” என்பது முதல் கேள்வி. இங்கே எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். “யானை படிக்கவும் கம்பஸ் இருக்கோ?” என்பது இரண்டாவது. இருக்கிறது என்று விளக்கிச் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, தன் தம்பியின் தோட்டத்தில் போன மாதம் யானை புகுந்து வாழை முழுவதையும் முறித்த கதையை நாள், நேரம், வந்த வழி, போன வழியோடு சொன்னார். நான் குறிப்புப் புத்தகத்தை எடுக்கும்வரை நிறுத்திக்கொண்டு நின்றார்.

இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் பார்த்துவிட்டு ஓட்டோ பிடித்தேன். 3000 ரூபாய். என் களப்பணிக் காசில் அது பெரிய ஓட்டை. போகிற வழியில் ஓட்டோ அண்ணை நிறுத்தி, வீதியோரம் ஒரு சிறுவனிடம் பாலைப்பழம் வாங்கித் தந்தார். பருவம் முடிகிற நேரம், பழம் சின்னன், ஆனால் அந்த இனிப்பு குறையவில்லை. பால் உதட்டில் ஒட்டிக்கொண்டு இரவுவரை விடவில்லை.

நான் தங்கும் ஊர் ஒட்டுசுட்டானுக்கு அங்கால், முத்தையன்கட்டுக் குளத்துப் பக்கம். பெயரை எழுதப் போவதில்லை. எந்த இடத்தில் என்ன விலங்கு நிற்கிறது என்று பெயரோடு எழுதினால் அதை வாசிக்கிற எல்லோரும் நல்ல எண்ணத்தோடு வாசிப்பதில்லை.

ஓகஸ்ட் 3, சனி

விடிய ஐந்தரைக்கே நான் தங்கும் வீட்டு ஐயா எழுப்பிவிட்டார். ஐயாவுக்கு அறுபது தாண்டியிருக்கும். இளமையில் தேன் எடுக்கப் போனவர், இப்போது எனக்கு வழிகாட்டி. வீட்டு அம்மா குரக்கன் பிட்டும் எருமைத் தயிரும் தந்தார். கடையில் அந்தத் தயிர் ஒரு சட்டி 600 ரூபாய். வீட்டில் என் கோப்பை காலியாகும் முன்பே நிரப்பிக்கொண்டிருந்தார்.

குளம் வற்றி ஓரத்துச் சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தண்ணீர் நிற்கும் இடத்துக்குக் கிட்ட, ஈரம் காயாத சேற்றில் ஒரு முன்னங்கால் தடம். இரவு பதிந்தது. தோல் வெடிப்புகள்கூட அப்படியே அச்சாகியிருந்தன. ஓரத்தில் சின்னக் குருவிக் கால்கள் மிதித்துப் போயிருந்தன. நூலைச் சுற்றி அளந்தால் 131 சென்ரிமீற்றர். யானையின் முன்னங்கால் சுற்றளவின் இரண்டு மடங்குதான் ஏறக்குறைய அதன் தோள் உயரம். இரண்டு அறுபதுக்கு மேல் வருகிறது, வளர்ந்த ஆண்.

ஐயா நூலைப் பார்க்கவில்லை. தடம் போன திசையைப் பார்த்துவிட்டு, “இது தனியன். சேனைப் பக்கம் போட்டுத் திரும்பினவன். குட்டியோட வாறது இந்தக் கரையால இறங்காது, அங்கால மருதடியாலதான் இறங்கும்” என்றார். சேனை என்றால் காடு வெட்டிப் பயிர் செய்யும் நிலம். மருதடிக்குப் போனோம். பெரியதும் சிறியதுமாகத் தடங்கள் அங்கேதான் இருந்தன.

இலத்தி பிரித்துப் பார்ப்பது என் வேலையில் பாதி. கையுறை போட்டுக்கொண்டு உடைத்தால் உள்ளே புல், மரப்பட்டை நார், விளாம்பழக் கொட்டை, நெல் உமி, முழுப் பனங்கொட்டை ஒன்று. பொலித்தீன் துண்டும் இருந்தது. அதைத் தனியாகப் பொதி செய்து எழுதி வைத்தேன். பனங்கொட்டையை ஐயா ஒரு குச்சியால் தள்ளி மண்ணில் அமத்திவிட்டார். இந்தப் பக்கம் காட்டுக்குள் அங்கங்கே தனியாக நிற்கும் பனைகளை யார் நட்டது என்று கேட்டால், யானைதான் என்பார்.

பகல் சாப்பாடு சோறு, ஜப்பான் மீன் குழம்பு, முருங்கையிலைச் சொதி. குளத்து மீன். முள் பார்த்துச் சாப்பிட வேண்டும்.

ஓகஸ்ட் 4, ஞாயிறு, ஆடி அமாவாசை

இன்று நேர்காணல் இல்லை. தகப்பனை இழந்தவர்களுக்கு விரத நாள். வன்னியில் அப்படியில்லாத வீடு குறைவு. ஐயா விடியவே முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தமாடப் போய்விட்டார். நான் அம்மாவோடு குசினியில் இருந்தேன். காட்டோரம் பிடுங்கி வந்த காத்தோட்டிக்காயை வெட்டி, விதையெடுத்து, உப்புத் தண்ணீரில் போட்டு வைத்தோம். அந்தக் கைப்பு இல்லாமல் அமாவாசைச் சாப்பாடு இல்லை. பூசணிக்காய், வாழைக்காய், பயற்றங்காய், வடை, பாயசம். காகத்துக்கு வைத்த பிறகுதான் எங்களுக்கு.

பக்கத்து வீட்டு ஆச்சிக்கு ஒரு தட்டுக் கொண்டுபோனேன். அவர் வீட்டில் அடுப்பு வழமைபோலத்தான் எரிந்தது. “எங்கட வீட்டில இந்த விரதம் பிடிக்கிறேல்லை பிள்ளை. பேரப்பிள்ளையளுக்கு நான் விடேல்லை. அவன் வருவான்” என்றார். மகன் 2009க்குப் பிறகு வரவில்லை. தட்டை வாங்கி, கழுவி, அதில் இரண்டு தேசிக்காய் வைத்துத் திருப்பித் தந்தார்.

இரவு வயற்காவலுக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். சிறுபோக (கோடைப் போக) நெல் அறுவடைக்குக் கிட்ட நிற்கிறது. நிலவில்லாத இரவில் யானை கட்டாயம் வரும் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். பாலை மரத்தில் கட்டிய பரணில் ஐயாவின் மருமகன், இன்னொரு கமக்காரர், அவர் மனைவி. அவர் மனைவி வந்தது எனக்காக. ஒரு பெண்பிள்ளை ஆம்பிளையளோடு தனியே இருக்கக்கூடாது என்று பகல் முழுக்கச் சமைத்த களைப்போடு ஏறி வந்திருந்தார். பிளாஸ்கில் இஞ்சித் தேநீர், பனங்கட்டித் துண்டு.

கதை யானைக் கணக்கெடுப்புக்குப் போனது. “பறுவத்துக்கு எண்ண வருகினமாமே?” ஓம், வரும் பௌர்ணமியோடு 17 முதல் 19 வரை நாடு முழுக்க எண்ணப் போகிறார்கள். கோடையில் தண்ணீர் சில குளங்களில்தான் நிற்கும், யானை அங்கே வந்தே ஆக வேண்டும், நிலவு வெளிச்சத்தில் எண்ணலாம். 2011இலும் அப்படித்தான் எண்ணினார்கள். நாடு முழுக்க 5,879. அதில் வடக்குக்கு 233. கமக்காரர் சிரிக்கவில்லை. “அப்ப எங்களிட்ட ஒருத்தரும் கேக்கேல்லை” என்றார். எந்தக் குளத்துக்கு எந்தக் கூட்டம் எந்த மாதம் வரும் என்பது அவருக்கு மனப்பாடம். நான் எழுத எழுத ரோச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஒன்றரை மணிக்குப் பிறகு நாய் உறுமியது. பிறகு நெல் முறியும் சத்தம், சீராக, அவசரமில்லாமல். மருமகன் ரோச் அடித்தார். முப்பது மீற்றர்கூட இருக்காது. முன்னங்கால் நகத்தால் நெற்பயிரின் அடியை இரண்டு தரம் தட்டிப் பெயர்த்தது, தும்பிக்கையால் சுருட்டியது, வேரிலிருந்த மண் போக முழங்காலில் அடித்தது, பிறகு வாய்க்குள். அடுத்த கொத்து. இடது காதின் கீழ்ப்பக்கம் பெரிய கிழிசல். என் கோப்பில் அந்தக் கிழிசலுக்கு ‘ஆண் 7’ என்று பெயர். பரணில் மூன்று பேரும் ஒரே நேரத்தில், “கிழிஞ்ச காதன்” என்றார்கள்.

யானைவெடி ஒன்று போட்டார்கள். தலையைத் தூக்கிப் பார்த்தது, அசையவில்லை. இரண்டாவது வெடிக்குத்தான் திரும்பியது. அதுவும் ஓடவில்லை, வரம்போடு நடந்தே போனது. முதலில் வந்த வருடம் வெடிச்சத்தத்துக்கே குளத்துக்கு அங்கால் ஓடியதாம். இப்போது அதற்குச் சத்தம் பழகிவிட்டது. விடிய அளந்து பார்த்தோம், மிதிபட்டதே தின்றதைவிட அதிகம். கமக்காரர் கணக்கில் நாலு மூட்டை. நட்டஈட்டுக்குப் படம், கிராம சேவையாளர் கடிதம், படிவம், பிறகு காத்திருப்பு. படத்தை நான் எடுத்துக் கொடுத்தேன்.

இலங்கையில் 2023இல் மட்டும் 470க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. யானை தாக்கி இறந்த மனிதர்கள் 150க்கு மேல். நான் கட்டுரைகளில் இந்த எண்களை எழுதியிருக்கிறேன். பரணில் இருந்து இறங்கும்போது கமக்காரரின் மனைவி கணவனை முந்தவிடாமல், தானே முதலில் இறங்கி, ரோச்சைச் சுற்றிலும் அடித்துப் பார்த்தார்.

ஓகஸ்ட் 5, திங்கள்

உண்ணி. கோடைக் காட்டில் நடந்தால் இதிலிருந்து தப்ப முடியாது. கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள், இடுப்பிலிருந்து கணுக்கால்வரை சிவப்புப் புள்ளிகள். அம்மா வேப்பெண்ணெய் பூசிவிட்டு, உடுப்பு முழுவதையும் கொதிதண்ணீரில் போட்டார். காய்ச்சல் குணமும் இருந்தது. ஆறு வீடு போக நினைத்து இரண்டுதான் முடிந்தது.

இரண்டாவது வீட்டில் நல்ல உபசரிப்பு. மதியம் இருந்து சாப்பிடச் சொல்லி, வத்தல் கறி வைத்தார்கள். என்ன இறைச்சி என்று கேட்டேன். மறைக்காமல் சொன்னார்கள், மரை, வேட்டையாடத் தடையுள்ள பெரிய காட்டு மான். நான் சாப்பிட மாட்டேன் என்று சொல்லி, சம்பலும் பருப்பும் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்காரர் கோபிக்கவில்லை. “எழுதிப்போடுவீங்களோ?” என்று மட்டும் கேட்டார். யாருடைய பெயரும் ஊரும் என் தாள்களில் இல்லை என்று தொடக்கத்திலேயே வாக்குக் கொடுத்துத்தான் எந்த வீட்டுக்குள்ளும் நுழைகிறேன். அந்த வாக்கை மீறினால் அடுத்த மாணவருக்கு இந்த ஊரில் ஒரு வீட்டுக் கதவும் திறக்காது. திறக்கவும் கூடாது.

ஆனால் ஒன்றை அவரிடம் நேரே பேசினேன். தீனிக்குள் மறைத்து வைக்கும் வெடி. பன்றிக்கு என்று வைப்பார்கள், கடிப்பது யானைக்குட்டியாகவும் இருக்கும். தாடை சிதறி, தின்னவும் குடிக்கவும் முடியாமல், நாட்கணக்கில் தண்ணீர்க் கரையில் நின்று சாகும். துப்பாக்கிச் சூடு, மின்சாரம் இவற்றோடு இதுவும் நாட்டில் யானை சாவதற்கு முக்கிய காரணம். அவர் நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஒரு வருடத்துக்கு முன் அப்படி ஒரு குட்டியைக் குளத்தடியில் பார்த்ததைச் சொன்னார். கூட நின்ற தாயைத் தாண்டி ஒருவரும் கிட்டப் போக முடியவில்லையாம். மகனைக் கூப்பிட்டு அந்த இடத்தை எனக்குக் காட்டச் சொன்னார்.

ஓகஸ்ட் 6, செவ்வாய்

வைகாசியில் கட்டிவிட்டுப் போன கமராக்களைக் கழற்றும் நாள். ஒரு கமராவுக்கு எட்டு பற்றரி, நல்லது வாங்கினால் ஒன்றே 200 ரூபாய்க்குக் கிட்ட. மேற்பார்வையாளர் வேறொரு திட்டத்திலிருந்து இரவல் வாங்கித் தந்த கமராக்கள் இவை. ஒன்றுக்குள் எறும்பு குடியிருந்தது. இன்னொன்றை யானை பிடுங்கித் தரையில் போட்டிருந்தது. அது கடைசியாக எடுத்தது தும்பிக்கை நுனியை மட்டும்.

மாமர நிழலில் மடிக்கணினியைத் திறந்தோம். மாடு, மாடு, நாய், விறகோடு ஒருவர் (அந்தப் படத்தை அழித்துவிட்டேன்), மாடு, முள்ளம்பன்றி, மந்திக் கூட்டம். பிறகு அதிகாலை மூன்றேகாலுக்கு எடுத்த படம். கரடி, முதுகில் இரண்டு குட்டிகள். ஒன்று தாயின் தோள் மயிரைக் கடித்துப் பிடித்திருந்தது, மற்றது நேரே கமராவைப் பார்த்தது. தாயின் மூக்கில் செம்மண், புற்றுக் கிண்டியிருக்க வேண்டும். ஐயா எழுந்து நின்றுவிட்டார். யானைக்குப் பயப்படாத மனிதர், காட்டுக்குள் போகிறவர்கள் எல்லாரையும்போலக் கரடிக்குத்தான் பயம். தேன் எடுத்த காலத்தில் கூடப்போன ஒருவரின் முகத்தை அது கிழித்திருக்கிறது. “குட்டியளை இப்பிடிக் கொண்டு திரியிறதை இண்டைக்குத்தான் பாக்கிறன்” என்றார். திரும்பத் திரும்ப அந்தப் படத்துக்கே போகச் சொன்னார். அம்மாவையும் கூப்பிட்டார்.

பின்னேரம் கமக்காரர் அமைப்புக் கட்டடத்தில் கூட்டம். இது நான் கேட்டு வைத்தது. ஒரு முதியவர் தொடக்கத்திலேயே சொன்னார், “முந்தியும் ஆக்கள் வந்து எழுதிக்கொண்டு போனவை. ஒரு மறுமொழியும் வரேல்லை.” அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. எங்கள் துறையில் ஆய்வறிக்கை நூலகத்துக்குப் போகிறது, கட்டுரை வெளிநாட்டுச் சஞ்சிகைக்குப் போகிறது, கேள்விக்குப் பதில் சொன்ன வீட்டுக்கு ஒன்றும் போவதில்லை. அதனால்தான் ஆய்வு முடியும் முன்பே கையிலிருப்பதைக் கொண்டுபோனேன்: ஆண் யானைகளின் காதுப் படங்கள், கமரா இடங்கள் குறித்த வரைபடம், வேலி விழுந்திருக்கும் இடங்கள்.

படங்கள் கைமாறின. ஒவ்வொன்றுக்கும் பெயர் வந்தது. வயலுக்கு வருவது எல்லா யானையும் அல்ல, இந்தச் சில ஆண்கள்தான் என்று நான் சொல்ல நினைத்ததை அவர்களே சொன்னார்கள். வரைபடத்தில் ஒரு இளைஞர் பேனை வாங்கி, வாய்க்கால் முடியும் இடத்தில் கோடு போட்டார். கிழிஞ்ச காதன் கடப்பது அதால்தானாம். அங்கே என் கமரா ஒன்றும் இல்லை.

பிறகு வேலி. இப்போதிருக்கும் மின்வேலி காட்டுக்குள்ளாகப் போகிறது. யானை அதற்கு இந்தப் பக்கமும் நிற்கிறது, அந்தப் பக்கமும் நிற்கிறது. பற்றை வளர்ந்து கம்பியை மூடியிருக்கிறது. யானை ஆய்வாளர் பிருத்திவிராஜ் பெர்னாண்டோ நீண்ட காலமாகச் சொல்லிவருவது, காட்டு எல்லையில் அல்ல, ஊரையும் வயலையும் சுற்றி வேலி போடுங்கள், அதை அந்த ஊரே பார்த்துக்கொள்ளட்டும், வயல் வேலியை அறுவடை முடியக் கழற்றிவிடுங்கள் என்று. யானை மனித மோதலைக் குறைப்பதற்கான 2020 தேசிய செயற்றிட்டம் அவர் தலைமையில் தயாரானது. நானும் அதை நம்புகிறேன்.

முதல் பாதிக்கு எல்லோரும் தலையாட்டினார்கள். கழற்றுவது என்றதும் சண்டை. அறுத்த வயலில் யானை வந்து ஒட்டு (மிஞ்சி நிற்கும் நெல் தாள்) மேயட்டும் என்றால், மாடு வைத்திருப்பவர்கள் எங்கே போவது? கோடையில் மாட்டுக்கு இருப்பதே அந்த ஒட்டுத்தான். ஒருவர் எழும்பி வெளியே போய்த் திரும்பி வந்தார். இன்னொருவர், பற்றரி களவு போனால் யார் பொறுப்பு என்றார். விறகுக்குப் போகும் பெண்கள் வேலியில் எங்கே படலை வைப்பது என்று கேட்டார்கள். நான் வாசித்த கட்டுரைகளில் மாடு ஒரு வரியில் வரும். இங்கே அதுதான் முக்கால் மணித்தியாலம் பேசப்பட்டது. முடிவு எட்டவில்லை. ஆனால் வாய்க்கால் பக்கத்து வயல்காரர் பதினொரு பேர், மாரியில் வரும் காலபோகத்துக்குத் தங்கள் காணிகளைச் சுற்றிச் சேர்ந்து ஒரே வேலி போடுவதைப் பற்றித் தனியாகக் கூடுவதாகச் சொன்னார்கள்.

ஓகஸ்ட் 7, புதன்

பஸ் இன்று நேரத்துக்கு வந்தது. 9ஆம் திகதி நல்லூர்க் கொடி, யாழ்ப்பாணம் போகிற சனம் நிறைய. இருக்க இடமில்லை. ஒரு அம்மா தன் மடியில் என் கமராப் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு பரந்தன்வரை வந்தார். உண்ணிக் கடி இன்னும் எரிகிறது.

வெளிக்கிடும் முன் பக்கத்து வீட்டு ஆச்சியும் இன்னும் இரண்டு பெண்களும் படலையடிக்கு வந்தார்கள். “யானை எப்பவாவது ஒருநாள் வரும் பிள்ளை. குரங்கு ஒவ்வொரு நாளும் வருது. தேங்காய் ஒண்டும் மிச்சமில்லை, கூரை ஓடும் இல்லை. உங்கட தாளில ஏன் குரங்கைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை?” வயலைக் கேட்டால் ஆண்கள் பேசுவார்கள், வளவைக் கேட்டால்தான் பெண்கள் பேசுவார்கள். என் வினாக்கொத்து முழுவதும் வயல். பஸ்ஸில் நின்றபடியே எழுதத் தொடங்கினேன்: எந்த மரம், எந்த நேரம், எத்தனை, என்ன செய்து கலைக்கிறீர்கள், வீட்டில் யார் கலைக்கிறது. மேற்பார்வையாளருக்கு இன்றிரவு அனுப்புகிறேன். காலபோகம் விதைக்கும் முன் திருத்திய வரைபடத்தோடும் குரங்குப் பக்கத்தோடும் திரும்பிப் போக வேண்டும், வாய்க்கால் முனைக்கு ஒரு கமராவும் வேண்டும்.